மோட்டார் லாரியின் இஞ்சின் கொதிப்பதேன்? காரணம் அறிதலும் பரிகாரமும்

சித்திரை, வைகாசி மாதங்களில், சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையில், புழலுக்கும் செங்குன்றத்திற்கும் இடையே, முகப்பு மூடி திறந்து நீராவி கக்கிக்கொண்டு நிற்கும் பழைய லாரியைக் காண்பது அபூர்வமன்று. செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கு நெல் மூட்டைகளைச் சுமந்து வந்த அவ்வண்டி, ஆலை வாயிலுக்கு இரண்டு மைல் தூரம் இருக்கும்போது நின்றுவிடுகிறது. கிளீனர் வாளியுடன் தண்ணீர் தேடி ஓடுகிறான். டிரைவர் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகுகிறார். கொதிநீர் பீறிட்டுக் கையையும் முகத்தையும் வேகவைக்கிறது. அதற்குத் தப்பினாலும், சிவந்து காய்ந்திருக்கும் இரும்பின்மீது குளிர்ந்த நீரை ஊற்றிவிட, இஞ்சினின் தலைப்பாகம் வெடிக்கிறது. பத்து ரூபாய்ச் செலவில் தீர வேண்டிய கோளாறு, பல்லாயிரம் ரூபாய் நஷ்டமாகவும் ஒரு மனிதனின் அங்கஹீனமாகவும் முடிகிறது.

நமது ஐக்கிய சங்கங்களில் சில சொந்தமாக லாரியோ டிராக்டரோ வைத்திருக்கின்றன. பல, வாடகை வண்டிகளை நம்பியிருக்கின்றன. சங்கத்தின் வண்டி ஒரு தனி மனிதனின் சொத்தன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் செலுத்திய பங்குத்தொகை அதிலே அடங்கியிருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்பட்ட கிராம ஐக்கிய நாணய சங்கங்களுள் முந்தியது, நமது திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர் கிராமத்தில் 1904-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது என்பதை நம்மவர் பெருமையுடன் நினைவுகூர்வர். கடன் கொடுப்பதிலும் வசூலிப்பதிலும் கணக்கறிந்து நடந்த நாம், யந்திரத்தைப் பராமரிப்பதிலும் கணக்கறிந்து நடத்தல் வேண்டும். ஆதலால், வண்டி ஓட்டத் தெரியாத அங்கத்தினரும் விளங்கிக்கொள்ளத்தக்க முறையில் இப்பாடம் எழுதப்படுகிறது.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது?

டீசல் எண்ணெயைச் சிலிண்டருக்குள் எரித்து, அதனால் உண்டாகும் வாயுவின் வேகத்தைக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுவதே இஞ்சினின் வேலை. எரியும் வாயுவின் உஷ்ணம் ஒரு கணப்பொழுது 2,000 டிகிரி சென்டிகிரேடையும் எட்டுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். வார்ப்பிரும்பு சுமார் 1,200 டிகிரியில் உருகும். அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், உஷ்ணத்தை இடைவிடாமல் வெளியேற்றும் ஏற்பாடு இருப்பதே.

நாம் வாங்கி ஊற்றும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துகொண்டுபோய்க் காற்றில் விட வேண்டும். இந்தச் சுமை தடைப்பட்டால், உஷ்ணம் இஞ்சினுக்குள்ளேயே தங்குகிறது, மசகெண்ணெய் நீர்த்துப்போகிறது, பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது.

வெயிற் காலத்தில் இத்தொல்லை ஏன் அதிகம் என்பதும் எளிய கணக்கே. ரேடியேட்டரில் உள்ள தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்திற்குத் தக்கவாறே உஷ்ணம் வெளியேறும். தண்ணீர் 90 டிகிரியிலும், மார்கழி மாதக் காற்று 25 டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் 65. அக்கினி நட்சத்திரத்தில் காற்று 42 டிகிரியானால் வித்தியாசம் 48 மட்டுமே. அதாவது, ரேடியேட்டரின் திறமை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் 45 டிகிரி வெயில் காய்ந்ததுண்டு. பாதி அடைபட்ட ரேடியேட்டர் தை மாதத்தில் குற்றம் தெரியாமல் ஓடிவிட்டு, சித்திரையில் காட்டிக்கொடுப்பது இதனாலேதான். வெயில் கோளாறை உண்டாக்குவதில்லை. மறைந்திருந்த கோளாறை வெளிப்படுத்துகிறது.

ஏரியும் மதகும் கால்வாயும்

ஏரிப் பாசனம் அறிந்தவனுக்கு இஞ்சினின் தண்ணீர் ஓட்டம் விளங்குவது எளிது. 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் நமது புழல் ஏரியிலிருந்து 1872-ஆம் ஆண்டு முதல் சென்னை நகருக்குத் தண்ணீர் செல்கிறது. ஏரியில் நீர் இருந்தால் மட்டும் போதாது. மதகு திறக்க வேண்டும், கால்வாய் தூர்ந்திராமல் இருக்க வேண்டும், வழியில் கரை உடையாமல் இருக்க வேண்டும். இஞ்சினிலும் அவ்வாறே.

ரேடியேட்டரே ஏரி. அதன் அடித்தொட்டியிலிருந்து கீழ் ஹோஸ் குழாய் வழியே தண்ணீர் புறப்படுகிறது. வாட்டர் பம்பு என்பது ஏற்றம் போன்றது. அது தண்ணீரை இழுத்து, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் தள்ளுகிறது. அங்கே உஷ்ணத்தைப் பெற்ற தண்ணீர் தலைப்பாகத்தின் வழியே மேலேறி, தெர்மாஸ்டாட் என்னும் வால்வை அடைகிறது. இதுவே மதகு. தண்ணீர் போதிய சூடு அடையும்வரை இம்மதகு மூடியிருந்து, பிறகு தானே திறக்கும். அப்பால் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வந்து, மெல்லிய பித்தளைக் குழாய்களின் வழியே இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்றினால் குளிர்ந்து, மறுபடியும் புறப்படுகிறது.

முற்காலத்து வண்டிகள் சிலவற்றில் பம்பே கிடையாது. 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு ‘டி’ மாதிரிக் காரில், முதலில் செய்யப்பட்ட சில நூறு, சில ஆயிரம் வண்டிகள் நீங்கலாக, சூடேறிய நீர் தானே மேலெழும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும் என்ற இயற்கையை நம்பியே தண்ணீர் சுழன்றது. திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீரே இல்லை. சிலிண்டரின்மேல் உள்ள இரும்பு மடிப்புகளில் மோதும் காற்றே அதனைக் குளிர்விக்கிறது. ஆனால் பாரமிழுக்கும் லாரிக்குப் பம்பும் விசிறியும் இன்றியமையாதவை. எண்ணூரில் 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய தொழிற்சாலையிலிருந்து வந்த காமெட் முதலிய பழைய லாரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமானது. பற்றவைத்துப் பழுதுபார்க்கக் கூடியது. பழைய வண்டியின் பெரிய அனுகூலம் இதுவே.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியிலுள்ள வில் அழுத்தம் கொடுப்பதனால் கொதிநிலை உயர்கிறது. மூடியில் 7 என்று பொறித்திருந்தால், சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் என்பது பொருள். அப்பொழுது தண்ணீர் சுமார் 112 டிகிரி வரையில் கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் இந்த 12 டிகிரி லாபம் போய்விடும். மேலும், 105 டிகிரியில் அமைதியாக இருக்கும் நீர், மூடியைத் திறந்த அக்கணமே ஆவியாகப் பீறிடுவதும் இதனாலேயே.

முதலில் அபாயத்தைத் தடுத்தல்

உஷ்ணமானியின் முள் மேலேறத் தொடங்கி, இன்னும் ஆவி வராத நிலையில், வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியரில் மெதுவாகச் செல்லலாம்; நிழலில் நிறுத்தி, இஞ்சினைச் சில நிமிஷம் சற்று வேகமாகச் சும்மா ஓடவிட்டால், பம்பும் விசிறியும் நல்ல நிலையில் இருக்குமாயின், முள் இறங்கும்.

ஆவி வந்துவிட்டாலோ, முள் கடைசிக் கோட்டைத் தொட்டாலோ, தண்ணீர் ஒழுகுவது தெரிந்தாலோ, உடனே ஓரத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டுவது, வீடு பற்றியெரியும்போது சமையலை முடித்துவிட்டு வருகிறேன் என்பதற்கு ஒப்பாகும். பிறகு அநுஷ்டிக்க வேண்டியவை:

1. முகப்பு மூடியைத் திறந்துவிட்டு அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர்மேல் கைவைத்துப் பொறுக்கக்கூடிய சூடு வரும்வரையில் மூடியைத் தொடலாகாது.

2. மூடியின்மேல் நனைத்த தடித்த சாக்கை மடித்துப் போட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, முதலில் கால் சுற்று மட்டும் திருகி, சீறும் சத்தம் அடங்கிய பின்பே முழுவதும் திறக்க வேண்டும்.

3. இஞ்சினைத் துவக்கி மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீர் கிடைத்தால் மிக நன்று. குளிர்ந்த நீரை ஒரே வாளியாகக் கொட்டினால், விரிந்திருக்கும் இரும்பு ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கி விரிசல் காணும். காய்ந்த மண்சட்டியில் தண்ணீர் தெளித்தவர் இதனை அறிவர்.

4. கொதிநீர் பட்டுவிட்டால், அவ்விடத்தில் சுத்தமான குளிர்ந்த நீரை இருபது நிமிஷமாவது ஊற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். மை, மாவு, எண்ணெய் எதையும் பூசலாகாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

எப்பொழுது கொதிக்கிறது என்பதே முதற்கேள்வி

வைத்தியன் நோயாளியைக் கண்டதும் மருந்தை எடுத்துக் கொடுப்பதில்லை. ஜுரம் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா என்று விசாரிக்கிறான். பட்டறைக்குச் செல்லுமுன் டிரைவரிடம் பின்வருமாறு விசாரித்தால், காரணத்தின் பாதி வெளிப்பட்டுவிடும்.

நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் கொதித்து, திறந்த சாலையில் ஓடும்போது ஆறிவிட்டால், குறை காற்றோட்டத்தில் உள்ளது. ஓடும்போது வண்டியின் வேகமே காற்றைக் கொடுக்கிறது. நிற்கும்போது விசிறி ஒன்றே கதி. ஆகவே பெல்ட், விசிறி, ரேடியேட்டரின் முகப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நெரிசலில் சும்மா இருந்து, பாரத்துடன் வேகமாகச் செல்லும்போதும் மேட்டில் ஏறும்போதும் கொதித்தால், குறை தண்ணீர் ஓட்டத்தில் உள்ளது. ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம். கீழ் ஹோஸ் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். பம்பின் இலைகள் அரித்துப்போயிருக்கலாம்.

காலையில் துவக்கிய சில நிமிஷங்களுக்குள்ளேயே கொதித்தால், தெர்மாஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீர் இல்லை, அல்லது ஹெட் கேஸ்கட் எரிந்து எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று எண்ண இடமுண்டு.

வெளியே ஒழுக்கு இல்லாமலேயே தண்ணீர் குறைந்துகொண்டுவந்தால், மூடியையும் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகிக்க வேண்டும்.

முள் மட்டும் உயர்ந்து, ஆவியோ வாடையோ வேறு அடையாளமோ இல்லாவிட்டால், உஷ்ணமானியே பொய் சொல்லலாம். ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, வேறொரு நம்பகமான உஷ்ணமானியை மேல்தொட்டி நீரில் வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

செலவில்லாத பரீட்சைகள் முதலில்

பரீட்சைகளைச் செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கி நடத்துதல் விவேகம். நம்மிடையே பலர் நேர்மாறாகப் புதிய ரேடியேட்டர் வாங்குவதிலிருந்து தொடங்குகின்றனர். கீழ்க்கண்ட முதல் ஆறையும் ஒரே காலைப்பொழுதில், இஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்கிச் செய்துவிடலாம்.

முதலாவது, தண்ணீர் மட்டமும் மசகெண்ணெய் மட்டமும். மசகெண்ணெயும் உஷ்ணத்தைச் சுமக்கிறது. அது குறைந்தாலும் சூடேறும். எண்ணெயை அளக்கும் கம்பியில் பால் காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால், தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. அவ்வண்டியை ஒரு மைல் கூட ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, விசிறி பெல்ட். இரு சக்கரங்களுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும். விசிறியும் பம்பும் ஒருங்கே சோம்பிவிடும். எண்ணெய் படிந்து பளபளத்த பெல்ட்டையும், வெடித்த பெல்ட்டையும் மாற்றிவிடுக.

மூன்றாவது, ரேடியேட்டரின் வெளிமுகம். அரிசி ஆலைப் பக்கம் நடமாடும் வண்டிகளுக்கு இது விசேஷமாகப் பொருந்தும். உமியும் தவிட்டுத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, தகட்டு மடிப்புகளுக்கிடையே மெத்தை போல் அடைத்துக்கொள்கின்றன. முகப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. விசிறிப் பக்கம் ஒரு விளக்கைப் பிடித்து முன்பக்கமிருந்து நோக்கினால், வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு என்றறியலாம். விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மிதமாகப் பாய்ச்சி, மயிர்த் தூரிகையால் நீவிக் கழுவ வேண்டும். அதிக வேகத்தில் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து, பரிகாரமே பிணியாகும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு பழைய வண்டிகளில் பெரும்பாலும் கழற்றியெறியப்பட்டிருக்கும். அது இல்லாவிடில், விசிறி ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்காமல், பக்கத்திலுள்ள சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். தகரத்தால் ஒன்று செய்து மாட்டுதல் நலம்.

நான்காவது, ஹோஸ் குழாய்கள். விரலால் அமுக்கினால் மெத்தென்று உப்பியிருப்பதும், கரகரவென்று வெடித்திருப்பதும் ஆகா. இஞ்சின் சூடானபின் அதன் வேகத்தை உயர்த்தி, எட்டநின்று கீழ் ஹோஸை நோக்குக. அது சப்பையாகிறதென்றால், பம்பு இழுக்கும் நீர் வருவதற்கு வழியில்லை என்பது பொருள்.

ஐந்தாவது, பம்பு. அதன் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் நீர் சொட்டினால் உட்புற அடைப்பு தேய்ந்துவிட்டது. அத்துவாரத்தை ஆணியோ பசையோ கொண்டு அடைப்பவர் உண்டு. அவ்வாறு அடைத்தால் நீர் பேரிங்குக்குள் புகுந்து, விசிறியே பிய்த்துக்கொண்டு ரேடியேட்டரில் பாயக்கூடும்.

ஆறாவது, ஹெட் கேஸ்கட். ஆறிய இஞ்சினில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியில்லாமல் துவக்கி, வேகத்தைச் சற்றே உயர்த்திப் பார்க்க. முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. இடைவிடாமல் குமிழிகள் பொங்கினால், எரிவாயு கலக்கிறது என்பது ஏறக்குறைய நிச்சயம்.

ஏழாவது, தெர்மாஸ்டாட். இதனைக் கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில், அடியில் படாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானியையும் வைத்துக் காய்ச்சுக. அதன்மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்குமேல் சுமார் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுவதும் திறக்க வேண்டும். ஆறும்போது மூடிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் கண்டித்தல் அவசியம். “நம் உஷ்ண தேசத்தில் தெர்மாஸ்டாட் எதற்கு?” என்று கழற்றி வீசிவிடுவது பட்டறைகளில் வழக்கமாயிருக்கிறது. இஞ்சின் போதிய சூடு அடையாமல் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சரியாக எரியாது, செலவு கூடும், சிலிண்டர் விரைவில் தேயும். அன்றியும், சில இஞ்சின்களில் தெர்மாஸ்டாட் திறக்கும்போது ஒரு குறுக்குவழியையும் சேர்த்து மூடுகிறது. அதனைக் கழற்றிவிட்டால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியே சுற்றிவந்து, முன்னிலும் அதிகமாகக் கொதிக்கும். கெட்டுப்போன மதகைப் புதுப்பிக்க வேண்டுமேயன்றி, மதகே வேண்டாமென்று கரையை வெட்டலாகாது.

இவ்வேழும் சரியாயிருந்து இன்னும் கொதித்தால், குறை தண்ணீர்ப் பாதையில் இல்லாமலும் இருக்கலாம். பிரேக் இறுகி உரசிக்கொண்டிருத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம், மேல் கியரிலேயே முக்கிக்கொண்டு மேடேறுதல், டீசல் பம்பு பிந்திச் செலுத்துதல், கரும்புகை கக்குமளவுக்கு எண்ணெயை மிகுதியாகப் பாய்ச்சுதல் ஆகிய இவையும் காரணமாகும். ஓடிவந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகேயும் கையைக் கொண்டுபோனால், இறுகிய பிரேக்கு தன் அனலால் தன்னைக் காட்டிவிடும்.

நமது பிரதேசத்துத் தண்ணீர்

எந்தத் தண்ணீரும் தண்ணீர்தானே என்று எண்ணுவது பெரும் பிசகு. மீஞ்சூர், எண்ணூர்ப் பகுதிகளில் 1960-களின் பிற்பகுதி முதல் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதனால், கடல்நீர் பூமிக்குள் பல மைல் தூரம் புகுந்து, இனிப்பாயிருந்த கிணறுகளும் உப்பாயின. நாவுக்கு உவர்க்கும் தண்ணீர் இஞ்சினுக்கும் உவர்க்கும். உப்பு, இரும்பை அரித்துத் துருவாக்குகிறது; செம்பும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்திருக்குமிடத்தில் அரிப்பு இன்னும் விரைவு. கடினநீரிலுள்ள சுண்ணச்சத்தோ, வெந்நீர்த் தவலையின் அடியில் படிவதுபோல உட்சுவரில் காரையாகப் படிகிறது. இக்காரை இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே உஷ்ணத்தைக் கடத்தும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் சிலிண்டர் வேகிறது.

ஆகையால் மழைநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்வதும், அல்லது காய்ச்சி வடித்த நீர் வாங்குவதும் சிறந்தது. அத்துடன் துருத் தடுக்கும் மருந்து கலந்த கூலண்டு என்னும் திரவத்தைச் சேர்த்தல் வேண்டும். நம் நாட்டில் தண்ணீர் உறைவதில்லையே, இது எதற்கு என்பர். அரிப்பைத் தடுப்பதும், சரிபாதி கலந்தால் கொதிநிலையை 107 டிகிரி வரையில் உயர்த்துவதும் அதன் பயன்கள். ஆனால் அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் கொடிய விஷம், ருசியோ தித்திப்பு. ஆடு, மாடு, நாய், குழந்தை எதுவும் நெருங்காத இடத்தில் வைக்க வேண்டும். பழைய திரவத்தை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டுவது மகா பாதகம். புழல் ஏரி பல லட்சம் மக்கள் குடிக்கும் நீர் என்பதை நினைவில் வைக்க.

தூர் வாருதல்

உட்குழாய் அடைப்பை அறிய, இஞ்சினைச் சூடாக்கி அணைத்து, சற்று ஆறியபின் ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்க. இடையிடையே குளிர்ந்த பகுதிகள் தட்டுப்பட்டால், அங்கே தண்ணீர் இறங்கவில்லை.

அடைப்பு இலேசானதாயின், பழைய நீரை வடித்துவிட்டு, 20 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வீதம், கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து நிரப்பி, அரைமணி நேரம் இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஆறியபின் வடிக்க வேண்டும். பிறகு சிறிது சமையல் சோடா கரைத்த நீரால் ஒரு முறையும், தெளிந்த நீர் வரும்வரை பல முறையும் அலம்ப வேண்டும். அலம்பும் நீரைக் கீழ்க் குழாய் வழியே புகுத்தி மேல் வழியே வெளியேற்றினால், படிந்த வண்டல் எதிர்ப்புறமாகப் பெயர்ந்து வரும். காஸ்டிக் சோடாவை ஒருக்காலும் உபயோகிக்கலாகாது. அது அலுமினியத்தைத் தின்றுவிடும். மிகப் பழைய ரேடியேட்டரில் துருவே ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதுமுண்டு. சுத்தம் செய்தபின் ஒழுகத் தொடங்கினால், அது சுத்தத்தின் குற்றமன்று.

அடைப்பு கடுமையாயின், தேர்ந்த ரேடியேட்டர் தொழிலாளியிடம் கொடுத்து, மேல் கீழ்த் தொட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பி செலுத்தித் துப்புரவு செய்து, மறுபடியும் ஈயம் பற்றவைக்கச் செய்யலாம்.

இரண்டு உதாரணங்கள்

ஒரு சங்கத்தின் பழைய லாரி, நெல்லூர்ப் பக்கமிருந்து நெல் ஏற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டியும் காரனோடையும் கடக்கும் வரையில் முள் அசைவதில்லை; செங்குன்றம் நெரிசலில் சிக்கியதும் கொதிக்கிறது. டிரைவர் புதிய ரேடியேட்டர் கேட்கிறார். பஞ்சாயத்தார் செய்யத்தக்கது யாது? நிற்கும்போது மட்டும் கொதிப்பதால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. விளக்குப் பிடித்துப் பார்த்து உமியைக் கழுவி, பெல்ட்டை இறுக்கினால் போதியதாகும். செலவு ஒருநாள் உழைப்பே.

மற்றொரு வண்டி நெரிசலில் ஒழுங்காக இருந்து, பாரத்துடன் வேகமெடுத்தால் கொதிக்கிறது. பல ஆண்டுகளாக உவர்க்கிணற்று நீரே ஊற்றப்பட்டிருக்கிறது. இங்கே விசிறியை மாற்றிப் பயனில்லை. தூர் வார வேண்டும், பம்பைப் பிரித்து இலைகளைப் பார்க்க வேண்டும். அடையாளம் ஒன்றே போலத் தோன்றினும், காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

தண்ணீர்க் கணக்கு

சங்கத்தின் லாரிக்கு டீசல் கணக்கு எழுதாத காரியதரிசி இல்லை. தண்ணீர்க் கணக்கு எழுதுபவரைக் காண்பது அரிது. காலைதோறும், இஞ்சின் ஆறியிருக்கையில், எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினோம் என்பதை ஓட்டப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவந்தால் போதும். நல்ல வண்டிக்கு வாரக்கணக்கில் ஒன்றும் ஊற்ற வேண்டியிராது. தினம் ஒரு லிட்டர் குறைகிறதென்றால், அது கடன் பாக்கி போல வளர்ந்துகொண்டிருக்கும் கோளாறு. அடைக்கப்படாத சிறு ஒழுக்கே பின்னர் ஹெட் வெடிப்பாக வட்டியும் முதலுமாக வசூலிக்கப்படுகிறது.

மாதம் ஒருமுறை பெல்ட்டும் ஹோஸும் பார்த்தல், அறுவடை முடிந்ததும் ரேடியேட்டரின் முகத்தைக் கழுவுதல், பங்குனி மாதத்தில், வெயிலுக்கு முன்னதாக, ஒருமுறை உட்புறம் அலம்புதல் என மூன்று வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்க. ஏரியை மழைக்கு முன்பு தூர் வாருவது போலவே, ரேடியேட்டரை வெயிலுக்கு முன்பு தூர் வார வேண்டும். வண்டியில் பத்து லிட்டர் நல்ல தண்ணீரும், ஓர் உபரி பெல்ட்டும், ஒரு தடித்த சாக்கும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். கூடவே, வண்டி நின்றுவிட்டால் டிரைவர்மேல் அபராதம் விதிப்பதில்லை என்று பஞ்சாயத்தார் தீர்மானித்தலும் நலம். தாமதத்திற்கு அஞ்சுகிறவரே கொதிக்கும் மூடியைத் திறக்கத் துணிகிறார். நெல் ஒரு மணி நேரம் பிந்தி ஆலை சேர்வதால் யாருக்கும் கேடில்லை. வெந்துபோன கண் திரும்பி வாராது.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் வண்டி கொதித்த கடைசித் தடவை, அது நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? அதனால் என்ன தெரிகிறது?

2. அதன் ரேடியேட்டருக்கு எந்தக் கிணற்று நீர் ஊற்றப்படுகிறது? அந்நீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்காரை படிகிறதா?

3. தெர்மாஸ்டாட் நம் இஞ்சினில் இருக்கிறதா, கழற்றப்பட்டுவிட்டதா? கழற்றியவர் சொன்ன காரணம் யாது?

4. சூடான மூடியைத் திறக்கும் முறையை நம் டிரைவரும் கிளீனரும் செய்து காட்ட வல்லவர்களா?